எல்சாட் லாஜிக்கல் ரீசனிங்: வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வில் 2024 ஆகஸ்ட் முதல் 'லாஜிக் கேம்ஸ்' (தர்க்கப் புதிர்கள்) பகுதி கிடையாது. மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங் (சிறு பத்தியில் வரும் வாதத்தை ஆராய்வது), ஒன்று ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வது). நான்காவதாக ஒரு சோதனைப் பகுதியும் உண்டு. அதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் எது அது என்று தேர்வறையில் தெரியாது. எனவே எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடுதான் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். லாஜிக்கல் ரீசனிங் பகுதி ஒன்றில் 24 முதல் 26 கேள்விகள். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 80 முதல் 88 வினாடி.

இந்தப் பகுதியில் மிக அதிகமாக வரும் கேள்வி வகைகளில் ஒன்று, "இந்த வாதத்தில் என்ன தவறு?" என்று கேட்பது. அந்த வகையில் மட்டும்தான் இந்தத் திறமை பயன்படும் என்றும் இல்லை. வாதத்தை வலுவிழக்கச் செய், வலுப்படுத்து, அது சொல்லாமல் நம்பியிருப்பதைக் கண்டுபிடி என்று கேட்கும் கேள்விகள் எல்லாமே அதே ஓட்டையைச் சுற்றித்தான் வருகின்றன. ஓட்டையைப் பார்க்கக் கற்றவருக்கு அந்தப் பகுதியின் பெரும்பாதி ஒரே பயிற்சியில் வசமாகிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தெளிவு இல்லாததால்தான் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட இந்தக் கேள்விகளில் சறுக்குகிறார்கள். எல்சாட்டில் ஓட்டை என்பது ஆதாரத்தில் இருப்பதில்லை, முடிவிலும் இருப்பதில்லை. ஆதாரத்திலிருந்து முடிவுக்குத் தாவும் அந்தத் தாவலில் இருக்கிறது. "ஓர் ஆய்வில் இப்படித் தெரியவந்தது" என்று பத்தி சொன்னால், அப்படித்தான் தெரியவந்தது. அதை மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. முடிவு நிஜ உலகில் உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் வாதம் ஓட்டையாக இருக்கலாம். கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: இந்த ஆதாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வர முடியுமா?

படி 1: கேள்வி வரியை முதலில் படியுங்கள்

பத்தியைத் தொடுவதற்கு முன் அதன் கீழே இருக்கும் கேள்வியைப் பாருங்கள். 'ஃப்ளாட்' (flawed), 'வல்னரபிள் டு கிரிட்டிசிசம்', 'க்வெஸ்ச்சனபிள்', 'எரர் ஆஃப் ரீசனிங்' என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஓட்டைக் கேள்வி. இந்தக் கேள்வி வரியே உங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது: வாதம் தவறானது. அது சரியா தவறா என்று யோசித்து நேரம் போக்க வேண்டாம். எங்கே தவறு என்று மட்டும் தேடினால் போதும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் வகைகள் மூன்று. 'இஃப் ட்ரூ' என்று தொடங்கி எது வாதத்தை வலுவிழக்கச் செய்யும் என்று கேட்டால், ஆப்ஷன்கள் வெளியிலிருந்து புதுத் தகவல் கொண்டுவரும். அவற்றை உண்மையென்று ஏற்றுக்கொண்டு எடைபோட வேண்டும். ஓட்டைக் கேள்வியிலோ ஆப்ஷன்கள் பத்திக்குள் நடந்ததை விவரிக்கும். அந்த விவரணை பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வாதம் 'எப்படி' நகர்கிறது என்று மட்டும் கேட்டால் அது முறையைக் கேட்கும் கேள்வி. அங்கே வாதம் சரியானதாகவும் இருக்கலாம். அதே தவறு வேறு எந்த வாதத்தில் இருக்கிறது என்று கேட்டால் அது இணை ஓட்டைக் கேள்வி. அதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: முடிவைச் சொல்லுக்குச் சொல் பிடியுங்கள்

'தேர்ஃபோர்', 'தஸ்', 'ஹென்ஸ்', 'சோ' ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் முடிவு. 'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஃப்டர் ஆல்' என்பவற்றுக்குப் பின்னால் வருவது ஆதாரம். ஆனால் இந்தச் சொற்களை மட்டும் நம்பினால் போதாது. முடிவைப் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே வைத்துவிட்டு எந்த அடையாளச் சொல்லும் தராத பத்திகள் நிறைய. சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களையும் எடுத்து நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் பாருங்கள். எந்த வரிசையில் அர்த்தம் வருகிறதோ, அதில் முன்னால் நிற்பது முடிவு.

இன்னொரு கண்ணி: "சிலர் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால்..." என்று தொடங்கும் பத்தி. அந்தச் சிலரின் கருத்து வாதத்தின் முடிவு அல்ல. 'ஆனால்' என்பதற்குப் பிறகு அதை எழுதியவர் சொல்வதுதான் முடிவு. சில நேரம் அது "அவர்கள் சொல்வது தவறு" என்ற ஒற்றை வரியாக இருக்கும். அப்போது "அவர்கள் சொல்வது" என்பதை விரித்து முழு வாக்கியமாக மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவைக் கண்டுபிடித்த பிறகு அதன் அளவுச் சொற்களைக் கவனியுங்கள். எல்லாரும், பெரும்பாலோர், சிலர், நிச்சயம், இருக்கலாம், மட்டுமே, எப்போதும். ஆதாரம் "இருக்கலாம்" என்று சொல்ல, முடிவு "இருக்கும்" என்று சொன்னால் ஓட்டை அங்கேயே கிடைத்துவிட்டது. "முந்தைய மாடலைவிடப் பாதுகாப்பானது" என்ற ஆதாரத்திலிருந்து "பாதுகாப்பானது" என்ற முடிவுக்குப் போவதும் அப்படியே. முந்தையது படுமோசமாக இருந்திருக்கலாம் அல்லவா? ஆதாரத்தில் இல்லாத புதுச் சொல் ஒன்று முடிவில் மட்டும் தலைகாட்டினாலும் அங்கே நின்று பாருங்கள். ஆதாரம் முழுவதும் 'விற்பனை' பற்றிப் பேசிவிட்டு முடிவு 'லாபம்' பற்றிப் பேசினால், தாவல் எங்கே நடந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை.

படி 3: ஆப்ஷன்களைப் பார்ப்பதற்கு முன் ஓட்டையை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படியும் இதுதான். ஆப்ஷன்கள் உங்களுக்கு உதவ எழுதப்பட்டவை அல்ல. ஐந்தில் நான்கு உங்களைத் திசைதிருப்ப எழுதப்பட்டவை. கையில் ஒரு எதிர்பார்ப்பு இல்லாமல் அவற்றைப் படித்தால் ஐந்துமே நியாயமாகத் தோன்றும்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தின் அச்சு இது: "ஆதாரம் சொல்வது இவ்வளவுதான். அதிலிருந்து இந்த முடிவுக்கு வருகிறார். ஆனால் ஒருவேளை...?" அந்த 'ஒருவேளை'யை நிரப்பினால் வேலை முடிந்தது. கலைச்சொல் தேவையில்லை. தமிழிலேயே யோசிக்கலாம். 10 முதல் 15 வினாடி இதற்குச் செலவழித்தால் ஆப்ஷன்களில் 30 வினாடி மிச்சமாகும்.

ஒரு வாதத்தை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்.

*ஒரு நகர நூலகம் கடந்த ஆண்டு ஜனவரியில் தன் வேலை நேரத்தை இரவு 10 மணி வரை நீட்டித்தது. அந்த ஆண்டு இரவல் போன புத்தகங்கள் முந்தைய ஆண்டைவிட 30 சதவீதம் அதிகம். நூலகத்தில் இருக்கும் புத்தகங்களின் எண்ணிக்கையோ ஊழியர்களின் எண்ணிக்கையோ மாறவில்லை. எனவே நேர நீட்டிப்புதான் இந்த உயர்வுக்குக் காரணம்.*

முடிவு கடைசி வரி. ஆதாரம்: நேரம் கூடியது, அதோடு இரவலும் கூடியது. மூன்றாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். எழுதியவர் இரண்டு மாற்றுக் காரணங்களைத் தாமே முன்வந்து விலக்குகிறார். படிப்பவருக்கு "எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்" என்ற மயக்கம் இங்கே வரும். இரண்டை விலக்கியதால் மற்றவை விலகிவிடாது. நீங்கள் சொல்ல வேண்டியது: "ஒருவேளை வேறு ஏதாவது காரணம் இருந்தால்? அபராதத்தை ரத்து செய்திருந்தால்? பக்கத்தில் குடியிருப்பு ஒன்று புதிதாக வந்திருந்தால்?" இப்போது ஆப்ஷன்கள்:

ஏ) நேரத்தை நீட்டிக்காமல் இரவலைக் கூட்ட எந்த நூலகத்துக்கும் வழியில்லை என்று எடுத்துக்கொள்கிறது.
பி) பொதுமைப்படுத்த முடியாத ஒரு மாதிரியிலிருந்து பொதுவான முடிவுக்கு வருகிறது.
சி) ஒரு விளைவை அதன் காரணமாக எடுத்துக்கொண்டு, இரவல் கூடியதால்தான் நேரம் நீட்டிக்கப்பட்டது என்று முடிவு செய்கிறது.
டி) இரவல் கூடியதால் நூலகத்தின் செலவு எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.
இ) உயர்வுக்கு வேறொரு மாற்றம் காரணமாக இருந்திருக்கும் வாய்ப்பைப் பார்க்கத் தவறுகிறது.

விடை இ. மற்ற நான்கும் எப்படி வலை விரிக்கின்றன என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஏ ஆப்ஷன் வாதத்தின் பேச்சையே பேசுகிறது. ஆனால் அளவு மீறிப் போகிறது. இந்த நூலகத்தில் இந்த ஆண்டு நடந்ததற்குக் காரணம் சொல்பவர், எந்த நூலகத்துக்கும் வேறு வழியே இல்லை என்று சொல்லவில்லை. பி ஒரு நிஜமான ஓட்டையின் பெயர், ஆனால் இங்கே பொது முடிவு எதுவும் இல்லை. பேச்சு அந்த ஒரு நூலகத்தைப் பற்றியது. சி மிகவும் ஆபத்தானது: காரண காரியக் குழப்பம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள், அந்தச் சொற்கள் கண்ணில் பட்டதும் கை போய்விடும். கடைசிவரை படித்தால் அது வாதத்தைத் தலைகீழாகச் சொல்கிறது. டி சொல்வது உண்மைதான், வாதம் செலவைப் பற்றிப் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

படி 4: ஒவ்வொரு ஆப்ஷனிடமும் இரண்டு கேள்வி

மேலே நடந்ததை ஒரு சோதனையாகச் சுருக்கலாம். முதல் கேள்வி: வாதம் இதை உண்மையில் செய்கிறதா? இரண்டாவது: செய்கிறதென்றால், அதனால்தான் வாதம் நொறுங்குகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' வந்தால்தான் விடை. ஏ, பி, சி முதல் கேள்வியிலேயே விழுந்தன. டி இரண்டாவதில் விழுந்தது. முதல் கேள்வியிலேயே பெரும்பாலான ஆப்ஷன்கள் கழிந்துவிடும். ஆகவே அதைக் கறாராகக் கேளுங்கள்.

ஆப்ஷன்களின் மொழி வேண்டுமென்றே அருவமாக இருக்கும். "ஒரு நிகழ்வுக்குத் தேவையான ஒன்றை அந்நிகழ்வை உறுதிப்படுத்தும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது" என்பது போல. இதைப் படித்துக் குழம்பாமல் இருக்க ஒரே வழி, ஒவ்வொரு அருவச் சொல்லுக்கும் பத்தியிலிருந்து ஒரு பொருளை எடுத்து வைப்பது. 'ஒரு நிகழ்வு' எது? 'தேவையான ஒன்று' எது? எந்தச் சொல்லுக்காவது பத்தியில் பொருள் கிடைக்கவில்லையென்றால் அந்த ஆப்ஷன் செத்தது.

திரும்பத் திரும்ப வரும் இரண்டு தொடக்கங்களுக்குத் தனிச் சோதனை உண்டு. 'டேக்ஸ் ஃபார் கிராண்டட்' அல்லது 'ப்ரிஸ்யூம்ஸ்' என்று தொடங்கினால், வாதம் அதைச் சொல்லாமல் நம்பியிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. அதை மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் வாதம் விழுந்தால் குற்றச்சாட்டு சரி. விழாமல் நின்றால் வாதத்துக்கு அது தேவைப்படவே இல்லை. 'ஃபெயில்ஸ் டு கன்சிடர்' அல்லது 'ஓவர்லுக்ஸ் தி பாசிபிலிட்டி' என்று தொடங்கினால் நேர் எதிர்: அந்த வாய்ப்பு உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாதத்துக்கு அடி விழுகிறதா? விழுந்தால் விடை. எல்லா வாதமும் ஆயிரம் விஷயங்களைக் கவனிக்காமல் விடுகிறது. அவற்றில் எது அடிக்கிறது என்பதே கேள்வி.

அடிக்கடி வரும் ஓட்டைகள்

பெயர்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் மதிப்பெண் வராது. ஆனால் எந்த மாதிரி தாவல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்திருந்தால் 3ஆம் படி வேகமாகும்.

*சேர்ந்து நடப்பதைக் காரணம் என்பது.* அதிகம் வருவது இது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டாலோ ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாலோ ஒன்று மற்றதற்குக் காரணம் என்று முடிவுகட்டுவது. ஒவ்வொரு முறையும் மூன்று மாற்று வழிகளைச் சோதியுங்கள்: காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாமா, மூன்றாவது ஒன்று இரண்டையும் உண்டாக்கியிருக்கலாமா, தற்செயலா. "தினமும் நடைப்பயிற்சி செய்யும் முதியவர்கள் மற்ற முதியவர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள், ஆகவே நடைப்பயிற்சி ஆரோக்கியம் தருகிறது" என்ற வாதத்தில், ஆரோக்கியமாக இருப்பவர்களால்தான் தினமும் நடக்க முடிகிறது என்பது தலைகீழ் விளக்கம். முடிவு உண்மை என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதே இங்கே தடை. காரணச் சொல் எப்போதும் 'காஸ்' என்று வராது. 'லீட்ஸ் டு', 'ப்ரொமோட்ஸ்', 'ரெஸ்பான்சிபிள் ஃபார்', 'எஃபெக்டிவ்' எல்லாம் காரணம் சொல்லும் சொற்களே. "ஆரோக்கியமாக இருக்க விரும்புபவர்கள் நடக்க வேண்டும்" என்ற ஆலோசனைக்குள்ளும் காரண வாதம் ஒளிந்திருக்கிறது.

*தேவையையும் போதுமையையும் குழப்புவது.* இதில் தேறாமல் உயர்ந்த மதிப்பெண் எட்டுவது கடினம். "உரிமம் பெற்ற எல்லோரும் கண் பரிசோதனையில் தேறியவர்கள்" என்பது விதி. இதைக் குறியாக எழுதினால்: உரிமம் → தேர்ச்சி. அம்புக்குறியின் இடப்பக்கம் இருப்பது போதுமானது (அது இருந்தாலே மற்றது உறுதி), வலப்பக்கம் இருப்பது தேவையானது (அது இல்லாமல் மற்றது இல்லை). இதிலிருந்து சரியாகப் பெறக்கூடியவை இரண்டே: உரிமம் இருந்தால் தேறியிருக்கிறார், தேறவில்லையென்றால் உரிமம் இல்லை. தவறாகப் பெறுபவையும் இரண்டு: தேறிவிட்டார், ஆகவே உரிமம் உண்டு; உரிமம் இல்லை, ஆகவே தேறவில்லை. எல்சாட்டின் நிபந்தனை ஓட்டைகள் இந்த இரண்டு வடிவங்களுக்குள் அடங்கிவிடும்.

குறி எழுதும்போது எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதில் தடுமாற வேண்டாம். 'இஃப்', 'வென்', 'ஆல்', 'எவ்ரி' தொடங்கிவைப்பது இடப்பக்கம். 'ஒன்லி இஃப்', 'ரிக்வையர்ஸ்', 'மஸ்ட்' தொடங்கிவைப்பது வலப்பக்கம். 'தி ஒன்லி' மட்டும் விதிவிலக்கு போலத் தோன்றும்: அதையடுத்து வருவது இடப்பக்கம் போகும். "அனுமதிக்கப்பட்டவர்கள் உறுப்பினர்கள் மட்டுமே" என்பதை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லோடு எழுதினால் அனுமதி → உறுப்பினர் என்றுதான் வரும். 'அன்லெஸ்' வந்தால் அதற்கு அடுத்ததை வலப்பக்கம் வைத்து, மற்றப் பகுதியை மறுத்து இடப்பக்கம் வையுங்கள்.

'பெரும்பாலோர்' வரும் வாதங்களுக்கும் கணக்கு உண்டு. ஊழியர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள், அதே ஊழியர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றால் பெண் பொறியாளர் ஒருவராவது இருந்தே தீர வேண்டும். பாதிக்கு மேல் இரண்டு முறை வந்தால் எங்காவது ஒன்றின்மேல் ஒன்று விழும். ஆனால் ஊழியர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள், உலகப் பொறியாளர்களில் பெரும்பாலோர் சதுரங்கம் ஆடுபவர்கள் என்பதிலிருந்து அந்த ஊழியர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆடாத சிறுபான்மை முழுவதும் அந்த அலுவலகத்திலேயே இருக்கலாம்.

*சதவீதமும் எண்ணிக்கையும்.* "நிறுவனத்தின் வருவாயில் ஏற்றுமதியின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக இறங்கியது, ஆகவே ஏற்றுமதி வருவாய் குறைந்தது." மொத்தம் 100லிருந்து 200 ஆகியிருந்தால் ஏற்றுமதி 50லிருந்து 80 ஆக ஏறியிருக்கிறது. இப்படிச் சிறு எண்களைப் போட்டுப் பார்ப்பதே சிறந்த சோதனை. 5 வினாடிகூட ஆகாது. இதன் தம்பி, ஒப்பிட வேண்டிய அடிப்படையை மறப்பது: "விபத்துகளில் பெரும்பாலானவை வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கின்றன, ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுவது அதிக ஆபத்து." மக்கள் பெரும்பாலான தூரத்தை அங்கேயே ஓட்டுகிறார்கள் என்றால் இந்த வாதத்தில் எதுவும் மிஞ்சாது.

*மாதிரி சரியில்லாமை.* இதற்கு வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை கருத்துக்கணிப்புக்காக சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் பெரிதும் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து வந்தவை. அந்தப் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் அவை வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருந்தன. சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் தனி ரகம். மாதிரி பெரிதாக இருப்பதால் அதன் சாய்வு சரியாகிவிடாது. எல்சாட்டில் மாதிரி வரும்போது அது எவ்வளவு பெரிது என்பதைவிட, யார் யார் அதில் வந்து சேர்ந்தார்கள், யாரைப் பற்றி முடிவு பேசுகிறது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

*எதிராளியின் ஆதாரத்தை உடைத்துவிட்டு அவருடைய முடிவே பொய் என்பது.* வலுவாக எழுதப்பட்டால் நல்ல வாசகர்களும் தவறவிடும் ஓட்டை இது. "அந்தப் பாலம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் சொன்னது அங்கே கிடைத்த ஒரு நாணயத்தை வைத்து. நாணயம் போலி என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆகவே பாலம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததல்ல." நாணயம் போலி என்பதால் ஆய்வாளரின் ஆதாரம் போயிற்று, அவ்வளவுதான். பாலம் எந்த நூற்றாண்டு என்பது திறந்த கேள்வியாகவே நிற்கிறது. "தீங்கு என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆகவே தீங்கற்றது" என்பதும் இதே குடும்பம்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். சொன்னவரின் நோக்கத்தையோ நடத்தையையோ காட்டி அவர் சொன்னது தவறு என்பது ஆளைத் தாக்கும் ஓட்டை. "அவர் வார்த்தையை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது ஓட்டை இல்லை. வேறு துறை வல்லுநரைச் சாட்சிக்கு அழைப்பது இன்னொன்று. பகுதிக்குப் பொருந்துவது முழுமைக்கும் பொருந்தும் என்பது: ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது என்பதால் புத்தகம் சின்னதாகிவிடாது. இரண்டு வழிகள்தான் உண்டு என்று வைத்துக்கொண்டு, ஒன்றை அடைத்துவிட்டு மற்றதே வழி என்பது. ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆள்வது: "விதி இருந்தால் விதித்தவர் இருக்க வேண்டும், இயற்கையில் விதிகள் இருக்கின்றன, ஆகவே அவற்றை விதித்தவர் இருக்கிறார்" என்பதில் முதல் விதி கட்டளை, இரண்டாவது ஒழுங்கு. முடிவையே வேறு சொல்லில் ஆதாரமாக வைப்பது சுற்று வாதம். இது ஆப்ஷன்களில் அடிக்கடி தலைகாட்டும், விடையாக அமைவது மிகக் குறைவு. முடிவும் ஆதாரமும் ஒரே வாக்கியம்தான் என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தாலொழிய அதைத் தொடாதீர்கள்.

இணை ஓட்டைக் கேள்விகள்

ஐந்து ஆப்ஷன்களும் ஐந்து முழு வாதங்கள் என்பதால் இவை நேரத்தை விழுங்கும். பொருள் ஒத்திருப்பது தூண்டில். மூலப் பத்தி மருந்தைப் பற்றியது என்றால் மருந்தைப் பற்றியே பேசும் ஆப்ஷனைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். வாக்கியங்களின் வரிசை ஒத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூலத்தின் முடிவை முதலில் ஒப்பிடுங்கள்: அது 'நிச்சயம்' என்றால் 'அநேகமாக' என்று முடியும் ஆப்ஷன்கள் போய்விடும், 'எல்லாம்' என்றால் 'சில' போய்விடும். இதிலேயே இரண்டு மூன்று கழிவது வழக்கம். மிச்சத்தில் எந்த வாதமாவது தர்க்கப்படி சரியாக இருந்தால் அதுவும் வெளியே. விடையில் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். முதல் சுற்றில் 20 வினாடிக்குள் மூலத்தின் ஓட்டை பிடிபடாவிட்டால் கொடியிட்டுவிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வாருங்கள்.

நேரமும் பயிற்சியும்

எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. ஆகவே ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக் கூடாது. பகுதியின் பின்பாதியில் கேள்விகள் பொதுவாகக் கடினமாகும் என்பதால், முதல் 10 கேள்விகளை 11, 12 நிமிடத்துக்குள் முடிக்கும் வேகம் வந்தால் பின்னால் மூச்சுவிட இடம் கிடைக்கும். திரையில் கோடிடவும், ஆப்ஷனை அடித்து நீக்கவும், கொடியிடவும் வசதி உண்டு. முடிவை மட்டும் கோடிடுங்கள். பத்தி முழுவதும் மஞ்சளாக்கினால் எதையும் குறிக்காததற்குச் சமம். இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே சிக்கினால் இரண்டையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருக்காமல் பத்திக்குத் திரும்பி முடிவை மட்டும் மறுபடி படியுங்கள். அந்த இரண்டு ஆப்ஷன்களும் எந்தச் சொல்லில் வேறுபடுகின்றனவோ, அந்தச் சொல்லைப் பத்தி ஆதரிக்கிறதா என்று பார்த்தால் ஒன்று உதிரும்.

பயிற்சிக்குத் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் 'லாஹப்' தளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களையே பயன்படுத்துங்கள். ஓட்டைக் கேள்விகளின் சொல்லாட்சி நுணுக்கமானது; மற்றவர்கள் எழுதும் நகல்களில் அந்த நுணுக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் இரண்டு வாரம் கடிகாரம் வேண்டாம். ஒரு நாளைக்கு 8 அல்லது 10 கேள்வி, ஒவ்வொன்றிலும் ஆப்ஷன்களைக் கையால் மறைத்துவிட்டு 'ஒருவேளை' வாக்கியத்தை எழுதிய பிறகே திறப்பது. அது பழகிய பின் 35 நிமிடம் வைத்து முழுப் பகுதியாகச் செய்யுங்கள். முடித்ததும் விடைகளைப் பார்க்காமல், சந்தேகப்பட்ட கேள்விகளை நேரக் கட்டுப்பாடின்றி மீண்டும் போடுங்கள். இரண்டாம் முறை சரியாக வந்தால் குறை வேகத்தில். அப்போதும் தவறினால் குறை புரிதலில். இரண்டுக்கும் மருந்து வேறு.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: முடிவு ஒரு வரியில், ஓட்டை ஒரு வரியில், நீங்கள் எடுத்த ஆப்ஷன் எந்தச் சொல்லால் தவறாகிறது, அது ஏன் உங்களை இழுத்தது. நான்காவதை எழுதச் சலிப்பாக இருக்கும், ஆனால் அதிகம் சொல்லித்தருவது அதுதான். "பழகிய ஓட்டையின் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்" என்று மூன்று தடவை எழுத நேர்ந்தால், அடுத்த பயிற்சியில் ஓட்டைப் பெயர் கொண்ட எந்த ஆப்ஷனையும் பத்தியிலிருந்து அதற்குரிய சொற்களைச் சுட்டிக்காட்டாமல் தேர்ந்தெடுக்காதீர்கள்.